வெள்ளி 31

“பணி: எடை போடுபவர், இரண்டாம் நிலை. உருக்க வரும் பொருளின் எடையை மட்டும் கவனிக்க வேண்டும். பொருளின் மேலுள்ள படம், எழுத்து, எண் முதலியவை இவரது கவனத்துக்கு உட்பட்டவை அல்ல.”

உருக்குப் பட்டறையின் பணிப் பட்டியலில் மில்லி அக்காவைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். கண்ணாடிச் சட்டம் போட்டு எடை அறையின் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எதைக் கவனிக்கக் கூடாது என்று அது சொல்கிறதோ அதையே இருபத்தாறு வருஷமாக மனம் ஒன்றிக் கவனித்துவருகிறார் அவர். எடையும் போடுகிறார், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு கண் தராசின் எண்ணில் இருக்கும்போது இன்னொரு கண் படத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

பெயருக்குக் காரணம் தராசு. ஒரே பொருளை இரண்டு தடவை வைத்து ஒரு மில்லிகிராம் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை வைப்பார். மூன்றாவது தடவையும் ஒத்துவராவிட்டால் ஜன்னலைச் சாத்துவார், எதிரில் நிற்பவரை மூச்சை அடக்கச் சொல்வார். பட்டறையில் வெள்ளியை யாரும் வெள்ளி என்று சொல்வதில்லை. உள்ளே வருவதெல்லாம் வெள்ளிதான், அதற்குத் தனியாக ஒரு பெயர் எதற்கு? அங்கே அது ‘சரக்கு’. ஆகவே வாசலில் யாராவது “மில்லிக்கா, சரக்கு வந்துடுச்சா?” என்று கத்துவதும், உள்ளேயிருந்து “காலைலயே வந்துடுச்சு, வா” என்று பதில் வருவதும், தெருவில் போகிறவர்களைச் சற்று நிதானிக்க வைக்கும். அவருடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். “என் சம்சாரம் பேரை வெளிய சொல்ல முடியலங்க. சொன்னா என்னை வாயை ஊதச் சொல்றாங்க” என்பார்.

வெள்ளி என்ற சொல் பட்டறையில் ஒரே ஒரு பொருளில்தான் புழங்கியது: வியாழனுக்கு அடுத்த நாள்.

அக்காவின் முதல் படக்கட்டி வேலைக்குச் சேர்ந்த நாலாம் மாதம் வந்தது. நசுங்கிய கரண்டிகள், கால் உடைந்த மெழுகுவத்தித் தாங்கி, யாரோ எப்போதோ ஓடி வென்ற கோப்பை, இவற்றுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு தட்டைக் கட்டி. ஒரு பக்கம் எடையும் சுத்தமும் பொறித்திருந்தது. மறு பக்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு பெண்மணி. கீழே ‘இவ்வாண்டின் சிறந்த மாமியார்’ என்ற எழுத்து. இப்படிக் கட்டிகளை ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் அடித்து விற்றிருக்கிறார்கள். ரயில் படம், நாய் படம், கல்யாண நாள், காது குத்திக்கொண்ட கழுதை, எதையும் விடவில்லை. மாமியாரை ஒருவர் வாங்கியிருக்கிறார், கொடுத்திருக்கிறார், பிறகு ஒருவர் உருக்க அனுப்பியிருக்கிறார். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் இருப்பதாக அக்காவுக்குப் பட்டது. அன்றைய விலைக்கு அதே எடை வெள்ளியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாமியாரை வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

முதலாளிக்கு இதில் ஆட்சேபணை இல்லை. அவருக்கு எடை எடைதான். “மாமியாரக் காசு குடுத்து வாங்கிட்டுப் போற ஒரே மருமக நீதாம்மா” என்றார்.

இரண்டு வருஷம் கழித்து இன்னொரு மாமியார் வந்தார். அதே முகம், அதே கொண்டை. ஆனால் ஏதோ சரியில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றை வாங்கிவந்து இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் மாமியாரின் நாற்காலிக்கு நாலு கால். இரண்டாவது மாமியாரின் நாற்காலிக்கு மூன்றே கால். அச்சு தேய்ந்து ஒரு கால் காணாமல் போயிருந்தது. மூன்று காலில் அத்தனை கம்பீரமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைப் பார்த்ததும் அக்காவுக்கு இது விளையாட்டுக் காரியமில்லை என்று புரிந்துவிட்டது.

அதிலிருந்து நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு பக்கம். முன்புறப் படம், பின்புற முத்திரை, விளிம்பு வழவழப்பா வரிவரியா, எண் உண்டா, அச்சில் விரிசல் உண்டா, சேதம் என்ன. முதலில் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தார். எட்டுக் கட்டிகளின் கண்ணாடிபோல் பளபளக்கும் பரப்பில் தலைமுடி மாதிரி கீறல் விழுந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரிந்தது. பிறகு கையாலேயே வரைந்தார். அவருடைய குதிரைகள் நாய்போல இருக்கும். நாய்கள் நாற்காலிபோல இருக்கும். ஆனால் குதிரையின் எந்தக் குளம்புக்கு மேலே விரிசல் என்பது மட்டும் இம்மி பிசகாது.

சேமித்து வைப்பது அதைவிடக் கஷ்டமான படிப்பு. ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவைத்தார். பிரித்தபோது ஒவ்வொரு கட்டிக்கும் இடுப்பில் கறுப்புப் பட்டை. நெளியும் பிளாஸ்டிக் உறையில் போட்டார். ஒரு மழைக்காலத்தில் உறை பச்சையாக வியர்த்து ஒட்டிக்கொண்டது. செய்தித்தாளில் சுற்றினார், தாள் மஞ்சளாக, வெள்ளி பழுப்பாகப் போனது. கடைசியில் கட்டிக்கு ஒன்றாகக் காற்றுப் புகாத கெட்டிப் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம், தொட்டால் பருத்திக் கையுறை, பிடித்தால் விளிம்பில் மட்டும் என்று ஒரு நிலைக்கு வந்தார். அந்தப் பொட்டலங்கள் புதுச் செருப்புப் பெட்டிகளில் கிடைக்கும். சொந்தக்காரர்கள் செருப்பு வாங்கினால் முதல் போன் இவருக்குத்தான் வரும்.

இந்த ஒழுங்குக்கு நடுவில் கணவர் ஒருநாள் குறுக்கே புகுந்தார். கல்யாண நாளன்று மனைவியைச் சந்தோஷப்படுத்த நினைத்து, அவர் வேலைக்குப் போன நேரத்தில் பதினோரு கட்டிகளைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவி, துண்டால் துடைத்து, மேஜையில் வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டார். எல்லாம் பளபளவென்று இருந்தன. எதிலும் மூக்கு இல்லை. அக்கா கத்தவில்லை. பதினோரு நாள் பேசவில்லை, கட்டிக்கு ஒரு நாள் வீதம். பன்னிரண்டாம் நாள் வாத்தியார் செருப்புக் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கிய அறுபது பொட்டலங்களைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

“இனிமே தொட மாட்டேன்” என்றார்.

“தொடலாம். தேய்க்காதீங்க.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“ஸ்டியரிங்கப் பிடிக்கறதுக்கும் புடுங்கறதுக்கும் என்ன வித்தியாசம்?”

வாத்தியாருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

காலப்போக்கில் அக்காவின் பெயர் வெளியே பரவியது, ஆள் பரவவில்லை. எங்கெங்கோ இருக்கும் சேகரிப்பாளர்கள் போனில் படம் அனுப்பி ‘ஐயா, இது எந்த வகை?’ என்று கேட்பார்கள். யாரோ ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் என்பது அவர்களின் தீர்மானம். அக்கா திருத்துவதில்லை. ஒரு வரியில் பதில் வரும்: ‘இரண்டாம் அச்சு. இடது கண்ணில் விரிசல் பார்க்கவும்.’ தெரியாவிட்டால் அதைவிடச் சின்னப் பதில்: ‘தெரியாது.’ வீட்டு அலமாரியில் அவரிடம் ‘வெள்ளி’, ‘செம்பு’, ‘தெரியாதவை’ என்று சீட்டு ஒட்டிய மூன்று தட்டுகள் இருந்தன. மூன்றாவது தட்டைப் பற்றித்தான் அவருக்குப் பெருமை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதிவைத்தால் பின்னால் வருகிறவன் காலமெல்லாம் தப்பாகவே படிப்பான் என்பார்.

பல் டாக்டர் வந்தது ஒரு திங்கட்கிழமை.

நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒரு கையில் பிஸ்கட் டின், இன்னொரு கையில் துணிப்பை. இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு விரல்களை உதறிக்கொண்டார். உள்ளே இருநூற்றுப் பதினான்கு படக்கட்டிகள், ஆறரைக் கிலோவுக்கு மேல். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்த அவருடைய அப்பா சேர்த்தவை. அப்பா போய் இரண்டு மாதம் ஆகிறது. வீடு விற்றாகிவிட்டது. சனிக்கிழமை டாக்டர் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போகிறார்.

“எல்லாத்தையும் உருக்கிடுங்க மேடம்” என்றார். “ஒண்ணே ஒண்ணு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுக்க முடியுமா?”

டின்னின் அடியில் கிடந்ததாக ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். பிழை திருத்துபவரின் பொடிக் கையெழுத்தில் இரண்டே சொல், ஒரு எண்:

‘மகளுடையது: வெள்ளி 31.’

“எங்கப்பா ஒரு வார்த்தைல முடியும்னா ரெண்டாவது எழுத மாட்டார். பேச்சும் அப்படித்தான். கடைசி ஆறு மாசம் அதுவும் இல்ல, பக்கவாதம்.” டாக்டர் டின்னைப் பார்த்தபடி பேசினார். “என்னைப் பார்த்த நேரத்தவிட இதுங்களப் பார்த்த நேரம் அதிகம். சின்ன வயசுல ஒருநாள் சண்டை போட்டேன். ‘இதுல நீயும் ஒண்ணு இருக்கே’ன்னார். சமாதானத்துக்குச் சொல்றார்னு நெனச்சேன். இப்ப இந்தச் சீட்டு. நெஜமாவே நான் இதுல இருக்கேனா, இல்ல இது ஏதோ கணக்குக் குறிப்பா? அது தெரிஞ்சாப் போதும்.”

முதலாளி எட்டிப் பார்த்தார். ஆறரைக் கிலோ ஒரே சுத்தத்தில் வருவது தினமும் நடக்கிற காரியமில்லை. “வெள்ளிக்கிழமை உலைல போட்டுடலாம்மா. சனிக்கிழமை கெளம்பறதுக்குள்ள பணம் கைக்கு வந்துடும்.” பிறகு அக்காவைப் பார்த்து, “அதுவரைக்கும் தேடிக்கோ. வேலை நேரத்துல வேண்டாம்” என்றார்.

டாக்டரின் முதல் ஊகம் நல்ல ஊகம். குவியலில் காலண்டர் கட்டிகள் பன்னிரண்டு இருந்தன, ஒரு வருஷத்தின் மாதங்கள், மாதத்துக்கு ஒரு கட்டி. அது டாக்டர் பிறந்த வருஷம். செப்டம்பரை எடுத்தார், பிறந்த நாள் செப்டம்பர் பன்னிரண்டு. அக்கா லென்ஸை மாட்டிக்கொண்டு பன்னிரண்டாம் தேதியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு குறி இல்லை, ஒரு கீறல் இல்லை, அடித்த அன்று இருந்தபடி இருந்தது.

“இல்ல டாக்டரம்மா. இதுல யாரும் கை வெக்கல.”

காலண்டர் யோசனை அத்தோடு போனது. டாக்டரும் போனார்.

அக்கா மாலையில் எல்லாவற்றையும் தரம் பிரித்தார். எங்கும் கிடைப்பவை ஒரு பக்கம். அரியவை ஒரு பக்கம், பத்தொன்பது தேறின. சேதமானவை ஒரு பக்கம். அவை முப்பத்தேழு, உலைக்கு முதலில் போக வேண்டியவை. நோட்டில் ஒவ்வொன்றும் ஏறியது. ‘ரயில். முதல் அச்சு. சேதம்: கீறல் இரண்டு.’ ‘அக்டோபர். பின்புறம் சாதா. சேதம்: ஊசிக் குத்து ஒன்று.’ ‘கோழி. விளிம்பு வரிவரி. சேதம் இல்லை.’

செவ்வாய்க்கிழமை அவர் ஒரு தப்பு செய்தார். எடை போட்டே வாழ்ந்தவர் மட்டும்தான் அந்தத் தப்பைச் செய்ய முடியும். இந்தக் கட்டிகள் அத்தனையும், வெள்ளி வியாபாரத்தின் கணக்கில், ஓர் அவுன்ஸ். அதாவது முப்பத்தொன்று புள்ளி ஒன்று கிராம். ‘வெள்ளி 31’ என்றால், புள்ளி ஒன்று குறைந்து சரியாக முப்பத்தொரு கிராம் இருக்கும் கட்டி எதுவோ அது! அவருக்கு அது பளிச்சென்று பட்டது. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல், ஜன்னலைச் சாத்தி, மின்விசிறி இல்லாத அந்த அறையில் வியர்வை சொட்டாமல் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, இருநூற்றுப் பதினான்கையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். அன்று முடியாமல் புதன்கிழமையும் வைத்தார். முப்பத்தொரு கிராமுக்குக் கிட்டத்தில் மூன்று தேறின: ஒரு கோழி, ஒரு நீராவிக் கப்பல், மீசை வைத்த ஒரு நீதிபதி.

புதன் மாலை டாக்டர் வந்து மூன்றையும் பார்த்தார்.

“கோழியா நானு?”

அக்கா லென்ஸைக் கழற்றினார்.

“இல்ல, சின்ன வயசுல ஒல்லியாத்தான் இருந்தேன். ஆனா கோழி மாதிரியா?” சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. “நீதிபதியா இருக்குமோ? வீட்ல ரொம்ப நியாயம் பேசுவேன்.”

“டாக்டரம்மா, இதுல எதுவும் இல்ல. நான்தான் தப்பாத் தேடிட்டேன்.”

“பரவால்ல மேடம். அது கணக்குக் குறிப்பாத்தான் இருக்கும். விட்டுடுங்க.”

அவர் பையைத் தோளில் மாட்டிய விதத்திலேயே மனம் பாதி வெளிநாட்டுக்குப் போய்விட்டது தெரிந்தது.

அவர் தலை மறைந்ததும் உலைக்காரர் உள்ளே வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல், முப்பது வருஷமாக நெருப்புக்கு முன்னால் நின்று புருவம் இல்லாமல் போனவர்.

“மில்லிக்கா, ஒண்ணு சொல்லவா? தொட்டில்ல பாப்பா படுத்திருக்கற மாதிரி ஒரு கட்டி கெடக்குதுல்ல? அத எடுத்து, ‘இதாம்மா நீ’ன்னு குடுத்துரு. அந்தப் பொண்ணும் சந்தோஷமாப் போவும், ஒனக்கும் தலைவலி தீரும்.”

“அது நூத்துக்கு நூறு பேர் வாங்கின கட்டிண்ணே.”

“அதுக்குத் தெரியவா போவுது?”

“எனக்குத் தெரியும்ல?”

“நீ ஒரு ஆளு. தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு இவ்ளோ செரமப்படற. ஊர்ல அவனவன் தெரியாமயே எவ்ளோ சொல்றான்!”

“அதனாலதாண்ணே ஊர் இப்படி இருக்கு.”

அன்று வீட்டில் வாத்தியார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்புறம் ஒன்றும் புரியாததால் பின்புறம் பார்த்தார். பிறகு, “முப்பத்தொண்ணாவது வெள்ளிக் கட்டியா இருக்குமோ? வாங்கின வரிசைல?” என்றார். நல்ல கேள்விதான். அந்த வரிசை அப்பாவின் தலைக்குள் இருந்தது. தலை இப்போது இல்லை. அக்கா ‘தெரியாதவை’ தட்டைத் திறந்து சீட்டை அதில் வைத்து மூடினார். நேர்மையான காரியம், ஆனால் அதில் அன்று அவருக்குத் திருப்தி இல்லை.

வியாழக்கிழமை முழுக்க வேறு சரக்கு. கரண்டி, தட்டு, கரண்டி. மாலையில் டாக்டரின் கட்டிகளைத் தட்டுகளில் அடுக்கி உலைப் பக்கம் அனுப்பினார். பத்தொன்பது அரியவற்றை மட்டும் தன் மேஜையிலேயே நிறுத்திக்கொண்டார். அவற்றை உருக்குவது நஷ்டம் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு உலை இரைய ஆரம்பித்திருந்தது. உருக்கும் பாத்திரமான மூசை உள்ளே சிவந்துகொண்டிருந்தது. உலைக்காரர் வழக்கப்படி ஒவ்வொரு தட்டின் நெற்றியிலும் சாக்பீசால் எழுதிக்கொண்டு வந்தார். அவருக்கும் சொல் சிக்கனம் உண்டு. கிழமை, தேதி, அவ்வளவுதான். எந்தச் சரக்கு எந்த நாள் உருகியது என்று பின்னால் தெரிய அது போதும். இருபத்தாறு வருஷமாக அக்கா நாள்தோறும் பார்த்த எழுத்து. அன்று சேதக் கட்டிகள் இருந்த முதல் தட்டில் எழுதியிருந்தது:

‘வெள்ளி 14.’

அக்கா கையெழுத்துப் போட வந்தவர், பேனாவைத் திறந்தபடியே நின்றார்.

வெள்ளி பதினான்கு. கிராமும் இல்லை, வரிசையும் இல்லை. பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கு நடுவிலேயே உட்கார்ந்து வெள்ளி என்றால் கிழமை என்று மட்டுமே கேட்டுப் பழகிய காது அவருடையது. வீட்டு அலமாரித் தட்டில் உலோகத்துக்காக ஒட்டிய ‘வெள்ளி’ என்ற சீட்டு அந்தக் காதை நாலு நாள் அடைத்துவைத்திருந்தது.

அப்படியானால் வெள்ளி முப்பத்தொன்று? முப்பத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமையாக விழும் மாதம். காலண்டர் கட்டி. அந்த வருஷத்தில் அப்படி எத்தனை மாதம்? ஜனவரி. அப்புறம் அக்டோபர். அக்டோபர் என்றதும் நோட்டுப் புத்தகத்தின் வரி அவருக்குக் கண்ணெதிரே வந்தது. ‘சேதம்: ஊசிக் குத்து ஒன்று.’

குத்து என்று எழுதினார். எங்கே என்று எழுதவில்லை. சேதம் என்று தெரிந்த பிறகு அது எந்த இடத்தில் இருந்தால் என்ன என்பது அதுவரை அவருடைய கொள்கை.

உலைக்காரர் குறடால் முதல் தட்டைத் தூக்கி மூசையின் வாய்க்குக் கொண்டுபோய்விட்டார்.

“அண்ணே, நிறுத்துங்க!”

“என்னக்கா?”

“தட்டை எறக்குங்க. போடாதீங்க!”

“கேஸ் எரியுதுக்கா, மூசை காஞ்சு கெடக்கு...”

வாய்ச்சொல்லில் நம்பிக்கை போய், கட்டியை விளிம்பில் தவிர வேறெங்கும் தொட்டறியாத அக்கா, பருத்திக் கையுறை இல்லாமல் ஒரு விரல் நகத்தைக்கூடத் தட்டுக்குள் விடாத அக்கா, குறடின் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். தட்டு சாய்ந்தது. முப்பத்தேழு கட்டிகளும் சிமெண்டுத் தரையில் சலசலவென்று கொட்டின. பட்டறை முழுக்க ஒரு நொடி மணி அடித்தது.

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். தரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் கட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்த எடைக்காரியைப் பார்த்தார்.

“என்னம்மா இது? படம் பாக்கவா உனக்குச் சம்பளம்?”

“இல்ல மொதலாளி. சம்பளம் எடைக்கு. படம் சும்மாதான் பாக்கறேன்.”

பதில் சொல்லிவிட்டுத் தேடலைத் தொடர்ந்தார். அக்டோபர் உலையின் காலடியில் கிடந்தது. லென்ஸை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். கடைசி வரிசை, வெள்ளிக்கிழமைப் பத்தி, முப்பத்தொன்று. எண்ணுக்கு வலப் பக்கம், முடிவில் வைக்கும் புள்ளிபோல, ஊசி முனையால் ஒரே ஒரு குழி. கை தவறிப் பட்டதாக இருந்தால் ஓரத்தில் கீறல் இழுத்திருக்கும். இது நேராக நிறுத்தி, ஒரே அழுத்தாக அழுத்தி எடுத்தது. தாளில் ஆயிரம் புள்ளிகளைத் திருத்தி இடம் மாற்றிய ஒருவர், வாழ்க்கையில் ஒன்றை வெள்ளியில் வைத்திருந்தார்.

ஜனவரியையும் வரவழைத்துப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது.

அக்கா டாக்டருக்குப் போன் போட்டார். பின்னால் முதலாளி, உலைக்காரர் இருவரும் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். உலை எரிந்துகொண்டிருந்ததை இருவரும் மறந்துபோனார்கள்.

“டாக்டரம்மா, நீங்க பொறந்த வருஷம் அக்டோபர் முப்பத்தொண்ணு. வெள்ளிக்கிழமை. அன்னிக்கு உங்க வீட்ல என்ன நடந்துச்சு?”

“அக்டோபரா? எனக்கு செப்டம்பர் பன்னெண்டுதானே பொறந்த நாள்?”

“தெரியும். அதுல குறி இல்ல. அக்டோபர் முப்பத்தொண்ணுலதான் இருக்கு. உங்கப்பா கைப்பட வெச்ச புள்ளி.”

அந்தப் பக்கம் பெட்டியை இழுக்கிற சத்தம் நின்றது.

“அன்னிக்கு ஒண்ணும்... எனக்கு எப்படித் தெரியும் மேடம், ஒண்ணரை மாசக் கொழந்தை நானு...” டாக்டர் பேச்சை விட்டார். பிறகு மெதுவாக, “மாசம் ஆகறதுக்கு முன்னாடியே பொறந்துட்டேன். ஒண்ணரைக் கிலோகூட இல்லயாம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்களாம். ஏழு வாரம் ஆஸ்பத்திரிதான்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க.”

அக்கா செப்டம்பர் கட்டியை எடுத்தார். பன்னிரண்டாம் தேதியும் வெள்ளிக்கிழமைதான். அதில் விரலை வைத்து ஒவ்வொரு வெள்ளியாகக் கீழே வந்தார். பத்தொன்பது, இருபத்தாறு. அடுத்த கட்டிக்குத் தாவினார். மூன்று, பத்து, பதினேழு, இருபத்துநாலு, முப்பத்தொன்று.

“ஏழு” என்றார்.

போனில் அதே கணக்கை ஒருமுறை முணுமுணுக்கும் சத்தம் கேட்டது.

“வீட்டுக்கு வந்த நாளா?” என்றது குரல்.

“அதை நான் சொல்ல முடியாதும்மா. புள்ளி இருக்கு, ஏழு வாரம் சரியா வருது. இவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

“அக்கா, நான் இப்பவே வரேன்.” மேடம் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

உலைக்காரர் புருவம் இல்லாத இடத்தைத் துடைத்துக்கொண்டார். “புகை” என்றார் யாரும் கேட்காமலே. முதலாளி கேஸைக் குறைக்கச் சொன்னார். பிறகு, யாரையும் பார்க்காமல், “அந்தப் பாப்பா வர்ற வரைக்கும் எதையும் போட வேண்டாம்” என்றார்.

டாக்டர் வந்து லென்ஸில் கால் மணி நேரம் பார்த்தார். பல்லின் சின்னக் குழிகளைப் பார்த்துப் பழகிய கண். அதற்கு இந்தக் குழி தப்பவில்லை. “பெர்பெக்டாப் போட்டிருக்கார்” என்றார். மற்றதை உருக்கிவிடச் சொன்னார். அக்கா பத்தொன்பது கட்டிகளைத் தனியே காட்டி, இவை மறுபடி கிடைக்காதவை, இவற்றைத் தேடிக்கொண்டிருக்கும் ஆட்களின் எண்கள் இவை என்று ஒரு தாள் கொடுத்தார்.

“நீங்களே வெச்சுக்குங்கக்கா.”

“வேண்டாம்மா. நான் வெச்சுக்கணும்னு எடுத்து வெச்சதா ஆயிடும்.”

“ஒண்ணாவது?”

“அதுல ஒரு மாமியார்கூட இல்ல” என்றார் அக்கா. டாக்டருக்கு அது புரியவில்லை, உலைக்காரருக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து நோட்டுப் புத்தகத்தில் சேதம் என்ற வரிக்குப் பக்கத்தில் ‘எங்கே’ என்று ஒரு வரி கூடியிருக்கிறது. பழைய பக்கங்களுக்கும் சேர்த்து, வீட்டிலிருக்கும் எல்லாக் கட்டிகளையும் மறுபடி எடுத்துப் பார்த்து எழுத எட்டு மாதம் ஆனது. பற்பசை போட்ட பதினொன்றுக்கு மட்டும் ‘எங்கும்’ என்று எழுதினார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மில்லி அக்கா அக்டோபர் கட்டியை, தரையில் விழுந்தபோது ஒட்டிய தூசியை ஊதிவிட்டு, துடைக்காமல், காற்றுப் புகாத பெட்டியில் ஒரு பொட்டலத்தோடு வைத்து மூடினார். தேய்க்கக் கூடாது, ரப்பர் போடக் கூடாது என்று சொல்லி டாக்டரின் கையில் கொடுத்தார். பிறகு மீதி நூற்றுத் தொண்ணூற்று நாலு கட்டிகளையும் எடை போட்டு உலைக்கு அனுப்பினார்.